எடைச்சீட்டு வரும்வரை

அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமை காலை எங்கள் துறைமுக ஊரான போர்ட் பென்ரோஸின் கடற்கரைச் சாலையில் நடந்த ஒன்றை ஓட்டம் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவன் நெவில் ட்ரெகென்ஸா. இன்னொருவன் அவன் பின்னால் நடந்து போன நான். மற்றவர்கள் வேறு வேறு பெயர் வைத்தார்கள். கோதுமைக் கிடங்கு ஒன்று இடம் மாறிப் போகிறது என்றார் மீன்கடைக்காரர்.  நாய்களுடன் வந்திருந்த இரண்டு பெண்கள் அவற்றைச் சாலையின் மறுபக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்ச் சனிக்கிழமை ஓட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஐந்து கிலோமீட்டரை யாரும் ஓடலாம், நடக்கலாம், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வரலாம். கடைசியாக மட்டும் வரக்கூடாது. அதற்கென்றே ஒருவர் பளீரென்ற மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வருவார். அவமானம் முன்கூட்டியே ஒதுக்கீடு ஆகிவிடுவதால் வேறு யாருக்கும் அது கிடைக்காது. என் வலது முழங்கால் தேய்ந்த நாள் முதல் அந்தப் பதவி என்னிடம். வாரப் பத்திரிகைக்கு முடிவுகளை எழுதி அனுப்புவதும் நான்தான். ஆகவே ஆறு வருடமாக என் பெயரை நானே கடைசியில் எழுதி வருகிறேன். இந்த மாவட்டத்தில் இவ்வளவு நிலையான பதவி வேறு எவருக்கும் இல்லை.

நெவில் என்கிற நெவ்வுக்கு ஐம்பத்தாறு வயது, ஆறடி இரண்டு அங்குல உயரம், நூற்றிருபத்தொரு கிலோ. முப்பது வருடமாகத் துறைமுகத்துச் சைலோவில், அதாவது தானியக் கிடங்கில், எடைமேடைக்காரன். லாரி பாரத்தோடு ஏறும், எடை போடுவான். கொட்டிவிட்டு வெறுமையாக வரும், மறுபடி போடுவான். கழித்து, சீட்டு எழுதி, ஜன்னல் வழியே நீட்டுவான். இதற்கு ஒரு வார்த்தைகூடத் தேவைப்படாது. அவன் செலவழிக்கவும் இல்லை.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் பக்கத்து விவசாயிகள் எடைச்சீட்டு கைக்கு வரும்வரை விளைச்சலைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார்கள். வயல் இடுப்பளவு நிற்கும். எப்படி இருக்கிறது என்று கேட்டால் “ஏதோ கிடக்கு” என்பார்கள். நல்ல விளைச்சல் என்று முன்கூட்டிச் சொன்னவன் வயலில் மறுநாளே ஆலங்கட்டி விழுந்த கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று இருக்கிறது. பெண் பார்த்தாலும், பிள்ளை உண்டானாலும், வேலை கிடைத்தாலும் எங்களுக்கு இதே ஒழுக்கம்தான். சீட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்.

முதல் நாள் நெவ் புறப்பட்ட விதத்தைப் பார்த்தால் பின்னால் காளை துரத்துகிறது என்று நினைத்திருப்பீர்கள். கடற்கரைச் சாலை நெடுக வரிசையாகப் பைன் மரங்கள். இரண்டாவது மரம்வரை பாய்ந்தான். மூன்றாவது மரத்தைக் கட்டிப்பிடித்தான். நான்காவது மரத்தடியில், காலையில் சாப்பிட்ட, இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டியைக் கடற்காகங்களுக்குத் தானம் செய்தான். அவை அதைக் குறைவின்றி ஏற்றுக்கொண்டன. மீதி நாலே முக்கால் கிலோமீட்டரை இருவரும் நடந்து முடித்தோம்.

படகுத்துறை அருகே, முடிவுக் கோட்டில், மடக்கு நாற்காலியில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தவன் கிளாரி. நெவ்வின் அண்ணன், நான்கு வயது மூத்தவன். கல்யாணம் ஆகாதவன். முப்பது வருடம் இறால் படகில் போனவன். அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் மூன்று வருடத்துக்கு முன் வேலையை நிறுத்தின. அன்று முதல் திங்கள், புதன், வெள்ளி எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாளுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்மேல் மிதந்தவன், பிளாஸ்க்கிலிருந்து ஒவ்வொரு ஐஸ்கட்டியாக எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, எங்கள் ஓட்டத்துக்கு நேரம் குறித்தான். கடைசி ஆள் வரும்வரை நேரம் குறிப்பவர் எழுந்திருக்க முடியாது. கடைசி ஆட்கள் என்றால் இனி அவன் தம்பியும் நானும்.

“டேய் சைலோ, போன வாரம் கெளம்பினவன் இப்பத்தான் வர்றியா?” என்று வரவேற்றான் கிளாரி. “அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லுடா. வாட்ச்சுக்கு ஒரு பேட்டரி கூட வாங்கி வைக்கிறேன்.”

“உக்காந்து சம்பாதிக்கிறவனுக்கு என்ன தெரியும், இறாலு,” என்றான் நெவ், முழங்காலைப் பிடித்தபடி.

ட்ரெகென்ஸா குடும்பத்தில் பாசத்துக்கு வேறு மொழி கிடையாது. திட்டு எவ்வளவு தடிப்போ, பாசமும் அவ்வளவு தடிப்பு. அம்மா இறந்த அன்று இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதை இன்னும் ஊரில் மரியாதையோடு சொல்வார்கள்.

அடுத்த வாரம் நெவ்வின் மனைவி கிளெனிஸ் ஒரு தாளில் விதிகள் எழுதிக் கொடுத்தனுப்பினாள். ஒரு மரம் ஓடு, இரண்டு மரம் நட. வாரத்தில் மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாள் உடம்புக்கு ஓய்வு. முக்கியமானது, பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் ஓடு. பேச முடியவில்லையா, வேகத்தைக் குறை. செவ்வாய், வியாழன், சனி ஓட்டம். திங்கள், புதன், வெள்ளி கிளாரியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போவது. ஓட்டத்துக்கான ஓய்வு நாள், ஸ்டியரிங் பிடிக்கிற நாளாக அமைந்தது. அறுவடை இல்லாத மாதங்களில் கிடங்கில் அவனுக்கு இரண்டு மூன்று மணி நேர வேலைதான்.

வேகத்தைக் குறைப்பதில் சிரமமில்லை. குறைக்க அதிகம் இல்லை. சிக்கல் பேச்சில்தான். முப்பது வருடம் ஜன்னல் வழியே சீட்டு நீட்டியவன் எதைப் பேசுவான்? முதல் சனிக்கிழமை லாரிகளின் நம்பர்களை ஒப்பித்தான். அடுத்த சனிக்கிழமை எங்கள் ஊர் ஃபுட்பால் அணியின் பழைய ஆட்டக்காரர்கள் பெயர்கள். மூன்றாவது சனிக்கிழமை, படகு இறக்கும் சரிவைத் தாண்டியபோது, கையிருப்பு தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. விதி விதிதான். அதைச் சொல்லிவிட்டான்.

“கிளாரிக்கு… என் கிட்னி… குடுக்கப் போறேன்,” என்றான். அதற்குள் மரம் வந்துவிட்டது. நடக்கும் இரண்டு மரங்களுக்கும் பேசவில்லை. நடக்கும்போது பேச வேண்டும் என்று விதியில் இல்லையே.

அடுத்தடுத்த மரங்களில் மீதியும் வந்தது. அடிலெய்டில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்திருக்கிறான். ரத்தம் பொருந்துகிறது. ஆனால் இந்த எடையோடும் இந்த ரத்த அழுத்தத்தோடும் உன்னை ஆபரேஷன் மேசைமேல் படுக்கவைக்க மாட்டேன், நூறுக்குக் கீழே வா, மூச்சு வாங்காமல் வா, அப்போது பேசலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். கிளெனிஸுக்குத் தெரியும். கிளாரிக்குத் தெரியாது. தெரியக்கூடாது.

“ஏன்?” என்றேன்.

காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வயலா ஊரிலிருந்து ஒரு சித்தப்பா மகன் தருகிறேன் என்று சொன்னான். கிளாரி அன்றே ஒரு பையில் துணி, ரேசர், செருப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டான். பரிசோதனையில் பொருந்தவில்லை. பை கதவருகே மூன்று மாதம் இருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் அது அங்கே இல்லை.

“இன்னொரு தடவை அந்தப் பையை வாசல்ல பாக்க என்னால ஆகாது,” என்றான் நெவ். “நூறுக்குக் கீழ வரட்டும். சீட்டோட போய்ச் சொல்றேன்.”

நியாயமாகத்தான் பட்டது எனக்கு. நானும் இந்த ஊரில் பிறந்தவன்தானே.

அதன்பின் நடந்ததை வரலாற்று ஆசிரியர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள். மார்ச்சில் இரண்டு மரம் ஓடி இரண்டு மரம் நடந்தான். ஏப்ரலில் கணைக்கால் எலும்பு வலித்து ஒரு வாரம் நின்றான். மே மாதம் ஐந்து மரம் ஓடி ஒரு மரம். ஒரு கால்விரல் நகம் கறுத்து விழுந்தது. தொடைகள் உரசிப் புண்ணாகி வாஸ்லின் டப்பா வாரம் ஒன்று தீர்ந்தது. மருந்துக் கடைக்காரி அவனை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினாள். காலைப் பாஸ்டியைக் கிளெனிஸ் ஒழித்துவிட்டாள். ஜூன், ஜூலையில் வளைகுடாக் காற்று எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. அந்தக் காற்றில் ஆறு வாரம் ஓடியும் எடை நூற்றாறிலேயே நின்றது. வாழ்நாளெல்லாம் மற்றவன் பாரத்தைத் துல்லியமாகச் சொன்னவன், குளியலறைத் தராசின்மேல் நின்று, தராசு கோளாறு என்றான். கிடங்கின் எடைமேடையில் ஏறிப் பார்த்தான். அது லாரிகளுக்கானது, இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். நூறு என்று காட்டியது. அரை நிமிடம் சந்தோஷமாக நின்றுவிட்டு இறங்கினான். தொழில்காரன். தன்னையே ஏமாற்றிக்கொள்ள அவனுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பாதி வழியிலுள்ள, சுற்றுலாக்காரர்கள் தங்கும் கேரவன் பூங்கா வாசல்வரை நடக்காமல் ஓடினான். திரும்பி வரும்போது கழுத்து சிவந்திருந்தாலும் தோள்கள் நிமிர்ந்திருந்தன. தாடையின் விளிம்பு தெரியத் தொடங்கியிருந்தது. கிளாரி நாற்காலியிலிருந்து அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“என்னடா, மூஞ்சி தெரியுது,” என்றான். “நம்ம அப்பன் மாதிரியே இருக்கே. பாவம்.”

அன்று கிளாரி திட்டியது அவ்வளவுதான். எங்களுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வாரத்துக்கு மூன்று நாள், போகவர நூற்று நாற்பது கிலோமீட்டர், சகோதரர்கள் இருவரும் ஒரே பிக்கப் வண்டியில் தோளோடு தோள் உட்கார்ந்து போனார்கள். மழையைப் பற்றி, ஃபுட்பாலைப் பற்றி, எந்த வயலில் எந்த மடையன் இன்னும் களைக்கு மருந்தடிக்கவில்லை என்பதைப் பற்றிப் பேசினார்கள். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, திரும்பி வரும் வழியில், கிளாரி கண்ணை மூடிக்கொண்டே கேட்டானாம்: “திங்கள், புதன், வெள்ளி நான் இல்லேன்னா என்னடா பண்ணுவே?”

“நிம்மதியா ஓடுவேன்,” என்று சொன்னானாம் நெவ்.

இருவரும் சிரித்தார்களாம். நல்ல பதில் என்று மறுநாள் பன்னிரண்டாவது மரத்தருகே நெவ் என்னிடம் சொன்னான். நானும் சிரித்தேன்.

அக்டோபரில் நூற்றிரண்டு. சொல்லிவிடேன் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டு கிலோதானே என்றான். எனக்கு வாய் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளாரியின் நாற்காலியை மடக்கி வண்டியில் வைத்தது நான்தான். அந்த அரை நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அடுத்தவன் சீட்டை நான் எப்படி எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் முதல் திங்கள் அறுவடை லாரிகள் வந்துவிட்டன. கிடங்கில் பதினாலு மணி நேர வேலை. கிளாரி போனில் சொன்னான்: இந்த வாரம் நான், நோயாளிகளை ஏற்றிப்போகும் ஊர்ப் பொது வண்டியில் போய்க்கொள்கிறேன், சொல்லி வைத்துவிட்டேன், நீ உன் லாரிகளைப் பார் என்று. நெவ்வுக்கு நிம்மதி. விடிகிற நேரத்தில் ஓடிவிட்டு எடைமேடைக்குப் போனான். வியாழக்கிழமை காலை குளியலறைத் தராசு தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு காட்டியது. கிளெனிஸைக் கூப்பிட்டுக் காட்டினான். இறங்கி, தண்ணீர் குடிக்காமல் மறுபடி ஏறினான். அதே எண்.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். கிளாரி வீடு நான்கு தெரு தள்ளி. ஆனால் டாக்டரம்மா இரண்டு கேட்டிருந்தார், எடை ஒன்று, மூச்சு ஒன்று. சனிக்கிழமை ஐந்து கிலோமீட்டரையும் ஒரு மரம்கூட நடக்காமல் ஓடி, முடிவுக் கோட்டில், கடிகாரத்தின் முன்னால் சொல்லுவது என்று முடிவு செய்தான். சீட்டு முழுமையாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலைப் பனியில் கதிர்கள் ஈரமாக இருக்கும், பத்து மணிக்கு முன் லாரி வராது. எட்டு மணிக்குப் புறப்பட்டோம். புறப்படும்போது கிளாரி நாற்காலியில் இருந்தான், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான். நெவ் ஓடினான். உண்மையான ஓட்டம். பின்னால் நான் முழங்காலைச் சபித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. வழியெல்லாம் பேசினான்.

“என்ன சொல்லப் போறே?” என்றேன்.

“‘பையை எடுத்து வைடா’ன்னு. அவ்ளோதான். அவனுக்குப் புரியும்.”

கேரவன் பூங்காவில் திரும்பினோம். படகுச் சரிவைத் தாண்டினோம். பிப்ரவரியில் கட்டிப்பிடித்த மரத்தைத் தாண்டும்போது அதை ஒரு தட்டு தட்டினான். நடக்கவில்லை. கோட்டைத் தாண்டி, நாற்காலிக்கு முன் போய் நின்றான். மூச்சு வாங்கியது, ஆனால் நன்றாகப் பேச வந்தது.

“பையை எடுத்து வைடா, இறாலு.”

கிளாரி தொப்பியை மெதுவாகத் தூக்கினான். முகம் மாவு பிசைந்த மாதிரி ஊதி, சாம்பல் நிறமாக இருந்தது. கணுக்கால்கள் செருப்பு வாரைத் தாண்டி வழிந்தன. கடிகாரம் மடியில் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த மறந்துவிட்டான்.

“எந்தப் பை?” என்றான்.

நெவ் சொன்னான். பிப்ரவரி, டாக்டரம்மா, ரத்தம், நூறு கிலோ எல்லாம். அவன் அவ்வளவு நீளமாக மரங்கள் இல்லாமல் பேசி நான் கேட்டதில்லை. கிளாரி கேட்டுக்கொண்டிருந்தான். ஐஸ்கட்டியை எடுத்து வாயில் வைக்கப் போய், வைக்காமல் கையிலேயே உருக விட்டான்.

“நான் அந்தப் பொது வண்டியில போகலைடா,” என்றான்.

நெவ் சாவியை என்னிடம் நீட்டினான், ஆஸ்பத்திரிக்குப் பிக்கப்பை நான் ஓட்டினேன். முன் இருக்கையில் மூன்று பேர். கிளாரி நடுவில். டயாலிசிஸ் செய்து எட்டு நாள் ஆகியிருந்தது. போன வாரம் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில், இனி வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். தம்பியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒருவன் தருவதைப் பற்றி அடிலெய்டில் யாரும் மூச்சு விடவில்லை, ஒருவன் நிறுத்துவதைப் பற்றி இங்கே யாரும் மூச்சு விடவில்லை. எல்லோருமே வாக்கைக் காப்பாற்றினார்கள்.

“ஏன்டா?” என்றான் நெவ். அந்த எழுபது கிலோமீட்டரில் அவன் அதையே மூன்று முறை கேட்டான்.

மூன்றாவது முறை கிளாரி பதில் சொன்னான். “நீ ஓட ஆரம்பிச்சே. எளைச்சே. மூஞ்சி கூட நல்லாயிடுச்சு. மூணு நாள் ஓடுறே, மூணு நாள் என்னைத் தூக்கிட்டு அலையிறே. சரி, இவன் இப்பத்தான் வாழத் தொடங்கியிருக்கான், மிச்ச மூணு நாளையும் விட்டுக் குடுத்துருவோம்னு தோணுச்சு.”

“உனக்காகத்தான்டா ஓடினேன்.”

இரண்டு பக்கமும் அறுவடையாகாத கோதுமை. ஒரு லாரி எதிரே வந்து போனது. ஓட்டியவன் நெவ்வைப் பார்த்து, வணக்கமாக, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான். நெவ்வும் பழக்கத்தில் ஒரு விரலைத் தூக்கினான்.

“அதைப் பிப்ரவரியிலேயே சொல்லியிருக்கலாம்ல, மடப்பயலே,” என்றான் கிளாரி.

“எடை வரலடா.”

 கிளாரி தலையை ஆட்டினான். கேலியாக அல்ல.

“ஆமா,” என்றான். “எடை வராம எப்படிச் சொல்றது.”

ஆஸ்பத்திரியில், மறுபடி டயாலிசிஸ் இயந்திரத்தில் போடுங்கள் என்று கிளாரியே சொன்னான். கையெழுத்துப் போட்ட இடத்தில் அடித்து எழுதிக் கொடுத்தான். எட்டு நாள் ரத்தத்தில் தேங்கியதை இதயம் தாங்காமல் போகலாம் என்று முன்பே சொன்னார்கள். மெதுவாகத்தான் தொடங்கினார்கள். ஒன்றே கால் மணிக்கு இதயம் நின்றது. மறுபடி ஓடவைக்க அவர்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். நெவ் ஓட்டத்துக்குப் போட்ட அரைக்கால் சட்டையோடு நடைவழியில் நின்றிருந்தான். ஒரு நர்ஸ் அவன் தோளில் போர்வை போட்டார்.

ஃபுட்பால் கிளப் கூடத்தில் கிளாரியின் இறுதிச் சடங்கு நடந்தது. பாஸ்டி இருந்தது. நெவ் இரண்டு சாப்பிட்டான், கிளெனிஸ் தடுக்கவில்லை. கிளாரி வீட்டைச் சுத்தம் செய்யப் போனபோது கட்டிலுக்கு அடியில் அந்தப் பை இருந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள். பிரிக்காமலே இருந்திருக்கிறது. அடுத்த வாரம் அடிலெய்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது, அடுத்த கட்டப் பரிசோதனைக்குத் தேதி குறித்து. வரும்போது சகோதரரையும் அழைத்து வரவும் என்று அடியில் ஒரு வரி.

அந்தச் சனிக்கிழமை முடிவுப் பட்டியலில் நெவில் ட்ரெகென்ஸா பெயருக்கு எதிரே நேரம் இல்லை. ஐந்து கிலோமீட்டரையும் அவன் நடக்காமல் ஓடியது அதுதான் முதல் முறை. யாரும் கடிகாரத்தை நிறுத்தவில்லை. நானே ஒரு எண்ணைப் போட்டிருக்கலாம், ஏறக்குறைய தெரியும். போடவில்லை. எடைமேடைக்காரன் பட்டியலில் ஏறக்குறைய எழுதக்கூடாது.

இப்போதும் வருகிறான், செவ்வாய், வியாழன், சனி. எடை தொண்ணூற்றேழு. எனக்கு முன்னால் நிதானமாக, ஒரு மரம்கூட நடக்காமல் ஓடுகிறான். மூச்சு கொஞ்சமும் வாங்குவதில்லை. விதிப்படி பார்த்தால் மிகச் சரியான வேகம், ஐந்து கிலோமீட்டரும் தாராளமாகப் பேசிக்கொண்டே வரலாம். அந்த நவம்பருக்குப் பிறகு வழியில் ஒரு வார்த்தை பேசியதில்லை.